பழைய குடும்பக் காரை வைத்திருப்பதும் மெல்லப் புதுப்பிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950களிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை வந்த சாதாரண நான்கு சிலிண்டர் குடும்பக் கார்களைப் பற்றியது இந்தப் பக்கம். மாரிஸ் மைனர், ஃபியட் 1100, அம்பாசிடர் போன்றவை: கார்பரேட்டர், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர், டிரம் பிரேக், கிரீஸ் நிப்பிள். இங்கே தரும் அளவுகள் இவ்வகைக் கார்களில் பொதுவாக வருபவை. உங்கள் காரின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் வேறு அளவு இருந்தால் மேனுவல் சொல்வதே சரி.

கார் வந்துவிட்டது. மொத்தமாகக் கழற்றிப் போட்டு, முதலிலிருந்து செய்யலாமா?

வேண்டாம். வெறும் உடற்சட்டம்வரை கழற்றப்பட்ட கார்களில் பெரும்பாலானவை அட்டைப்பெட்டிகளாகவே விற்கப்படுகின்றன. எந்த போல்ட் எங்கே இருந்தது என்ற நினைவு மூன்று மாதத்தில் போய்விடும், ஆர்வம் ஆறு மாதத்தில்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை. அது முடிந்ததும் கார் மறுபடி ஓடும் நிலைக்கு வர வேண்டும். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மழைநீர் உள்ளே வருவதையும் துரு பரவுவதையும் நிறுத்துவது. அடுத்து பிரேக், டயர், ஸ்டீயரிங். அதன்பின் பெட்ரோல் பாதை, ரேடியேட்டர், வயரிங். இன்ஜினைத் திறப்பது அளந்து பார்த்து அவசியம் என்று தெரிந்தால் மட்டும். பெயிண்ட் கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளவென்று நிற்கும், ஆனால் நிறுத்த நினைத்த இடத்தில் நிற்காது.

எதைக் கழற்றும் முன்பும் நாலு கோணத்தில் படம் எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு எழுதி ஒட்டுங்கள். மாற்றிய பழைய பாகத்தை, உடைந்திருந்தாலும், தூக்கி எறியாதீர்கள். புதிதாக வாங்கியது பொருந்தாதபோது ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

பல வருடம் நின்ற கார். பேட்டரி போட்டு செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா?

அந்த ஒரு சாவித் திருப்பலில் கெட்டுப்போன இன்ஜின்கள் ஏராளம். நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும், ரிங் ஒட்டியிருக்கும், ஏதோ ஒரு வால்வு கைடில் இறுகியிருக்கும். செல்ஃப் மோட்டாருக்கு இதெல்லாம் தெரியாது, வளைத்துவிட்டுத்தான் நிற்கும்.

எல்லா பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் 10 முதல் 15 மி.லி. மெல்லிய ஆயில் விட்டு இரண்டு நாள் விடுங்கள். ராக்கர் கவரைத் திறந்து வையுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் வைத்து இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். சுற்றும்போது எட்டு வால்வும் இறங்கி ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று இறங்கி மேலே வராமல் நின்றால் அங்கேயே நிறுத்தி, வால்வு தண்டில் ஊடுருவும் ஆயில் விட்டு, மெல்லத் தட்டி விடுவிக்க வேண்டும். சுற்றவே இல்லை என்றால் இன்னும் ஆயில், இன்னும் சில நாள். கியரில் போட்டுக் காரைத் தள்ளுவது, நீளமான பைப் மாட்டி முறுக்குவது இரண்டும் கனெக்டிங் ராடுக்குக் கேடு.

தாராளமாகச் சுற்றியதும் பழைய ஆயிலை வடித்து ஃபில்டரோடு மாற்றுங்கள். காயில் வயரைப் பிடுங்கிவிட்டு, பிளக் இல்லாமலே 10 விநாடி வீதம் இடைவெளி விட்டு செல்ஃப் அடியுங்கள், ஆயில் விளக்கு அணையும்வரை. துளைகளில் விட்ட ஆயில் மேலே பீய்ச்சி அடிக்கும். துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

டேங்கில் இருக்கும் பெட்ரோலை நம்ப வேண்டாம். பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், ஜெட்டுகளைப் பசைபோல அடைக்கும். டேங்கை வடித்து, ரப்பர் குழாய்களை மாற்றி, கார்பரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தைச் சுத்தம் செய்த பிறகே புதுப் பெட்ரோல். தண்ணீர் ஊற்றி, ஃபேன் பெல்ட் பார்த்து, தீயணைப்பான் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். 10 விநாடிக்குள் ஆயில் பிரஷர் வராவிட்டால் உடனே அணையுங்கள். வந்தால் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் சில நிமிடம் ஓட்டுங்கள்; காம் ஷாஃப்ட்டுக்கு ஆயில் தெறித்துப் போவது அப்போதுதான். சுமார் 200 கி.மீ. ஓடியதும் ஆயிலை மறுபடி மாற்றுங்கள். முதல் ஆயில் உள்ளிருந்த அழுக்கைக் கரைத்து எடுக்கத்தான்.

இன்ஜின் வேலை தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கம்ப்ரஷன் கேஜ் ஒன்று போதும். இன்ஜின் சூடாக இருக்க, நான்கு பிளக்கும் வெளியே, காயில் வயர் பிடுங்கி, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏழெட்டுச் சுற்று செல்ஃப் அடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கால இன்ஜின்களில் 110 முதல் 150 பிஎஸ்ஐ வரும். எண்ணைவிட நான்கும் ஒத்துப்போவதுதான் முக்கியம். மிக உயர்ந்ததற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

ஒரு சிலிண்டர் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து தாழ்ந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. வால்வைக் குறை சொல்லும் முன் டேப்பெட் இடைவெளியையும் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) பாருங்கள். இறுகிய டேப்பெட்டை வால்வு எரிந்ததாக எண்ணி ஹெட்டைக் கழற்றியவர்கள் உண்டு.

நான்கும் ஒத்து, புகை இல்லாமல், சூட்டிலும் ஆயில் பிரஷர் நின்றால் இன்ஜினைத் தொடாதீர்கள்.

பிரேக்கில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

இந்தக் கார்களில் பலவற்றில் பிரேக் ஒரே சுற்று. எங்கே ஓர் இடத்தில் ஒழுகினாலும் நான்கு சக்கரமும் போய்விடும். அதனால் "பாதி நல்லா இருக்கு" என்பது இங்கே கிடையாது.

டிரம் வரவில்லை என்றால் முதலில் அட்ஜஸ்டரைப் பின்னுக்குத் திருப்பி ஷூவைத் தளர்த்துங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பிரேக் கிளீனர் தெளித்து ஈரமாக்கித் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கசிவு. துளையில் வெறும் கறை இருந்தால் லேசாக ஹோன் செய்து (உள்சுவரைத் தேய்த்து மெருகேற்றி) ரப்பர் கிட் போடலாம். குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பர் சில மாதம்கூடத் தாங்காது. ஆயில் பட்ட லைனிங்கை எரித்தும் கழுவியும் மீட்க முடியாது. ஷூவை மாற்றத்தான் வேண்டும், அதுவும் இரு பக்கமும் சேர்த்து.

எல்லாரும் தவறவிடுவது ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே வீங்கித் துளை சுருங்கியிருக்கும். காலால் அழுத்தும் அழுத்தத்தில் ஃப்ளூயிட் போய்விடும், திரும்பி வராது. விளைவு: ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே ஓடும், டிரம் கொதிக்கும். வயது தெரியாத ஹோஸ் எதுவாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நான்கு சக்கரமும் சேர்ந்து பிடித்தால் குற்றம் வேறு இடத்தில்: பெடல் முனையில் சுமார் 3 மி.மீ. வெற்றாட்டம் இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் திரும்பும் துளை திறக்காது, அழுத்தம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

பிரேக் குழாய்களில் சிக்கிய ஏரை எடுக்கும் முன் ஷூக்களை அட்ஜஸ்ட் செய்துவிடுங்கள். முன் சக்கரத்தில் இரண்டு அட்ஜஸ்டர் இருக்கலாம், இரண்டாவதை மறந்தால் பெடல் எப்போதும் கீழே போகும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி நெருங்கி வாருங்கள். முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடியுங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் பெடல் மட்டும் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது.

ஃப்ளூயிட் டாட் 3 அல்லது டாட் 4. ஈரம் ஏறாத டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் அந்த எல்லை 155க்கு இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். சிலிக்கான் வகையான டாட் 5 இவற்றோடு கலக்கக் கூடாது. இன்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ பிரேக் ரப்பரில் பட்டால் அது உப்பிப்போகும். பூசுவதற்குப் பிரேக் ரப்பருக்கென்றே இருக்கும் கிரீஸ் தனி. பெயிண்ட்டில் ஃப்ளூயிட் சிந்தினால் துடைக்காதீர்கள், தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள்.

பாயிண்ட், பிளக், டைமிங் செட்டிங் என்ன?

பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்; டைமிங் என்பது பிளக்கில் பொறி விழும் நேரம். பாயிண்ட் இடைவெளி பெரும்பாலும் 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் 0.60 முதல் 0.65 மி.மீ. பாயிண்ட்டின் ஃபைபர் குதிகால் காமின் உச்சியில் நிற்கும்போது அளக்க வேண்டும். பழைய பாயிண்ட்டில் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருக்கும். ஃபீலர் கேஜ் மேட்டில் உட்கார்ந்து பொய் சொல்லும். அதைத் தேய்த்துக்கொண்டிருக்காமல் மாற்றுங்கள். காமில் கடுகளவு கிரீஸ் தடவாவிட்டால் குதிகால் தேயும், இடைவெளி குறையும், டைமிங் பின்வாங்கும், கார் மந்தமாகும். அதனால் முதலில் இடைவெளி, பிறகுதான் டைமிங். மாற்றிச் செய்தால் இரண்டையும் மறுபடி செய்ய வேண்டும்.

டைமிங் பார்க்க ஒரு 12 வோல்ட் பல்பு போதும். டிஸ்ட்ரிபியூட்டரின் மெல்லிய வயர் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே அதை மாட்டி, சாவியைப் போட்டு, இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். பல்பு எரியும் கணமே பாயிண்ட் திறக்கும் கணம். அப்போது புல்லியின் குறி மேனுவல் சொல்லும் டிகிரியில் நிற்க வேண்டும்.

சூடானதும் நடுவழியில் நின்றுவிடுகிறது, அரை மணி கழித்து ஓடுகிறது. பெட்ரோலா, கரண்டா?

இரண்டும் இதே நாடகம்தான் ஆடும். நின்ற உடனே பார்த்தால்தான் பிடிபடும். ஆறிய பிறகு எல்லாம் சரியாகவே இருக்கும்.

உதிரி பிளக் ஒன்றை வயரில் மாட்டி, அதன் உடல் இன்ஜினைத் தொடும்படி வைத்து, பெட்ரோல் வாடை இல்லாத இடமாகப் பார்த்து செல்ஃப் அடியுங்கள். நீல நிறத்தில் சொடுக்கென்ற பொறி வந்தால் கரண்ட் சரி. மஞ்சளாக மெலிந்தோ, இல்லாமலோ இருந்தால் கண்டன்சரையும் காயிலையும் சந்தேகியுங்கள். கண்டன்சர் போய்விட்டால் பாயிண்ட்டிலேயே பெரிதாகத் தீப்பொறி தெறிக்கும், பாயிண்ட் சீக்கிரம் கருகும். நல்ல கண்டன்சர் 0.18 முதல் 0.25 மைக்ரோஃபாரட் காட்டும். காயிலில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு: 12 வோல்ட் நேரடிக் காயிலின் முதன்மைச் சுற்று சுமார் 3 ஓம், ரெசிஸ்டரோடு ஓடும்படி செய்த காயில் 1.5 ஓம் அளவு. இரண்டாவதை ரெசிஸ்டர் இல்லாத காரில் மாட்டினால் காயில் கொதிக்கும், பாயிண்ட் தீயும், அறிகுறி இதேதான்.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைத்திருக்கிறது. பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டுச் சில நிமிடத்தில் ஓடத் தொடங்கினால் அது உறுதி. காரணங்களைத் தேடுங்கள்: எக்ஸாஸ்ட்டுக்கு மிக அருகே ஓடும் குழாய், கார்பரேட்டருக்கு அடியில் காணாமல் போன தடித்த வெப்பத் தடுப்பு அட்டை, யாரோ கழற்றி எறிந்த தகடு, பின்வாங்கிய டைமிங், பாதி அடைத்த ரேடியேட்டர். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்தாலும் கார் நிற்கும். மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் அதுதான்.

மின் பம்ப் வைத்தால் தீரும் என்பார்கள். வைக்கலாம், ஆனால் கார்பரேட்டருக்கான 2 முதல் 4 பிஎஸ்ஐ பம்ப்பாக, டேங்க் பக்கமாக, இன்ஜின் நின்றால் தானே நிற்கும்படி. இன்ஜெக்ஷன் காரின் பம்ப் பத்து மடங்குக்கு மேல் அழுத்தம் தரும். ஃப்ளோட் ஊசி அதைத் தாங்காது, பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட்டில் வழியும்.

எத்தனால் கலந்த, ஈயம் இல்லாத பெட்ரோலால் கெடுமா?

எத்தனால் பழைய ரப்பரையும் சில பிசின்களையும் மென்மையாக்கிப் பிசுபிசுக்க வைக்கும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரக் குழாய் போட்டு, பம்ப்பின் டயாஃப்ரமையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் பிரிந்து தங்கி அங்கே துரு ஏறும். 10 சதவீதக் கலவையில் எரிகலவை சற்றுக் காய்ந்து (காற்று கூடி, பெட்ரோல் குறைந்து) ஓடும். பிளக் வெளுத்துக் காட்டினால் ஜெட்டை அரைப்படி கூட்டுங்கள். டேங்க் துருவுக்கு: லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரை நிரப்பி ஒரு நாள் விட்டு, சமையல் சோடா கரைசலால் அலசி, உடனே காயவைத்துப் பெட்ரோல் ஊற்றி ஆட்டி வடித்துவிட வேண்டும். ஈரமாக ஒரு மணி நேரம் விட்டாலே புதுத் துரு பூக்கும்.

ஈயப் பெட்ரோல் உலகின் கடைசி நாட்டிலும் 2021இல் நின்றுவிட்டது. ஈயம் வால்வு இருக்கைக்கு ஒரு மெத்தைபோல இருந்தது. மென்மையான இரும்பு இருக்கை கொண்ட ஹெட் நெடுஞ்சாலை வேகத்தில் மணிக்கணக்கில் ஓடினால் இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். அடையாளம் எளிது: எக்ஸாஸ்ட் டேப்பெட் இடைவெளி ஒவ்வொரு முறை அளக்கும்போதும் குறைந்துகொண்டே போகும். குறையாதவரை எதுவும் செய்ய வேண்டாம். ஹெட்டை வேறு காரணத்துக்குக் கழற்றும் நாளில் கடின இருக்கை போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஆயில்?

இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில், அதுவும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் 0.10 சதவீதத்துக்குக் குறையாதது. பழைய இன்ஜினில் காமும் தட்டை டேப்பெட்டும் உரசுகின்றன, உருளுவதில்லை. அந்தச் சேர்மம் இல்லாவிட்டால் காம் மழுங்கும். புதுக் கார்களுக்கான மெல்லிய ஆயில்களில், எக்ஸாஸ்ட் வினையூக்கியைக் காக்க அதைக் குறைத்திருக்கிறார்கள். விலை உயர்ந்த சிந்தெடிக்கை ஊற்றினால் சீல்களில் கசிவு கூடுமே தவிர பயன் ஒன்றும் இல்லை.

கியர்பாக்ஸ் வேறு கதை. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தரக் குறிகள். ஜிஎல்-5 ஆயிலில் உள்ள கந்தக-பாஸ்பரஸ் கூட்டு, சிங்க்ரோ வளையத்தின் பித்தளையைத் தின்னக்கூடும். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4, சில பழைய பெட்டிகளுக்கு இன்ஜின் ஆயிலேதான். ஹைபாய்டு டிஃபரன்ஷியலுக்கு இபி 90. வடிகால் போல்ட்டைத் திறக்கும் முன் நிரப்பும் போல்ட் திறக்கிறதா என்று பாருங்கள்.

இன்ஜின் சூடேறுகிறது. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். இன்ஜின் சூட்டுக்கு வராமலே ஓடி ஆயிலில் ஈரம் சேரும், தேய்மானம் கூடும். வெந்நீரில் போட்டுச் சோதியுங்கள். 82 டிகிரி எனக் குறித்தது அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும்.

உண்மைக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டரின் சேறும் பிளாக்கின் பின்பகுதியில் படிந்த துருச் சேறும்தான். பிளாக்கின் வடிகால் குழாயைத் திறந்தும் தண்ணீர் வராவிட்டால் கம்பியால் குத்திப் பாருங்கள். குழாய்த் தண்ணீரை வழக்கமான போக்குக்கு எதிர்த்திசையில் விட்டு அலசுங்கள். மூடியின் அழுத்தத்தையும் பாருங்கள்: 4 அல்லது 7 பிஎஸ்ஐ வேண்டிய இடத்தில் 15 பிஎஸ்ஐ மூடி போட்டால் ரேடியேட்டரின் ஈயப்பற்று பிளக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூலண்ட், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றம். வெறும் தண்ணீரே போதும் என்ற பழக்கம்தான் அந்தச் சேற்றை உண்டாக்கியது.

வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டுமா?

துணி உறை உதிர்ந்தோ, வளைத்தால் ரப்பர் நொறுங்கினாலோ மாற்றத்தான் வேண்டும். அது தீப்பிடிக்கும் வயரிங். மற்றபடி மின்கோளாறில் பெரும்பாதி எர்த்தும் துருவேறிய முனையும்தான். ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரியின் எர்த் முனைக்கும் விளக்கின் எர்த் முனைக்கும் நடுவே வோல்ட் மீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த்தைக் கழற்றி, உலோகம் தெரியச் சுரண்டி, இறுக்கி, வாசலின் தடவுங்கள். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தால் பழைய சுவிட்சும் பிழைக்கும், வெளிச்சமும் கூடும்.

இரண்டு எச்சரிக்கை. பல பிரிட்டிஷ் கார்களில் 1960களின் பிற்பகுதிவரை பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். பார்க்காமல் மாட்டினால் ரேடியோ போய்விடும். லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் எழுதிய 35 ஆம்பியர் என்பது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். அந்த இடத்தில் இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் வயர் எரியும்.

டயனமோ உள்ள காரில் ஐடிலில் சார்ஜ் விளக்கு மினுக்குவது கோளாறு இல்லை.

துரு எங்கே பார்ப்பது, எவ்வளவுவரை நாமே செய்யலாம்?

கண்ணில் படும் துரு சின்னது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச்சட்டம், ஜாக்கி வைக்கும் இடம், கால்மிதி விரிப்புக்கு அடியிலுள்ள தரை, டிக்கித் தரை, பேட்டரித் தட்டு, பட்டா (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் முனை, மட்கார்டின் பின்கீழ் மூலை, கண்ணாடி ரப்பருக்கு அடி: இவைதான் காரைச் சாய்ப்பவை. துணியில் சுற்றிய சிறு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடு அல்ல, பட்டி. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்னும், அரித்தது சொத்தென்னும்.

மேல்துரு என்றால் கம்பித் தூரிகையால் தேய்த்து, பாஸ்பாரிக் அல்லது டானிக் அமிலத் துருமாற்றி பூசி, எபாக்ஸி பிரைமர் அடித்து, பெயிண்ட். துருமாற்றி அடை அடையாக நிற்கும் துருவுக்குள் இறங்காது. அங்கே முதலில் சுரண்டல்தான்.

ஓட்டை விழுந்தால் பட்டி, கண்ணாடிநார், பழைய தகட்டின் மேல் புதுத்தகடு மூன்றும் மூடி மெழுகும் வேலை. நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, 0.9 அல்லது 1 மி.மீ. தகட்டை விளிம்போடு விளிம்பாக வைத்து மிக் வெல்டிங், 0.6 மி.மீ. கம்பியால், புள்ளி புள்ளியாக இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு நெளியும். கதவின் கீழ்ச்சட்டத்தை வெட்டும் முன் காரை நான்கு சக்கரத்திலும் சமமாக நிறுத்தி, கதவு இடைவெளிகளை அளந்து குறித்து, கதவுத் துளையில் குறுக்குக் கம்பி வைத்து நிலைப்படுத்துங்கள். இல்லாவிட்டால் வேலை முடிந்தபின் கதவு சாத்தாது. இது பழகியவர் கை படவேண்டிய இடம். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றி, பக்கத்தில் உள்ள பெட்ரோல் டேங்கை வெளியே எடுங்கள். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே இருப்பது ஆவி.

முடித்த பெட்டிச்சட்டத்துக்குள் மெழுகு தெளியுங்கள். அடிப்பக்கத்தில் கெட்டியான கருந்தார்ப் பூச்சை ஈரத் துருவின் மேல் அப்பினால் தண்ணீரை உள்ளே பூட்டி வைத்ததாகும். கதவுக்கு அடியில் இருக்கும் வடிகால் துளைகளை வருடம் இருமுறை கம்பி விட்டுத் திறந்து வைத்தாலே பாதித் துரு வராது.

பழைய பெயிண்ட்டை அப்படியே விடலாமா?

விடலாம், விடுவது நல்லதும்கூட. தொழிற்சாலை பெயிண்ட் ஒரு காருக்கு ஒருமுறைதான். வெளுத்த இடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தடவித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் மேலே தெளிபூச்சு இல்லாத ஒற்றைப் பெயிண்ட்; பெரும்பாலும் அது மீளும். நன்றாகக் கழுவி, மிக மென்மையான பாலிஷைக் கையால் போட்டு, மெழுகு பூசுங்கள். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், அங்கே ரப்பிங் வேண்டாம்.

குரோம் பம்பர்?

கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்தால் புள்ளித் துரு போகும். தேய்த்தபின் மெழுகு. உரிந்துவிட்ட குரோமுக்கு மறுபூச்சுதான் வழி. பழைய பம்பரின் தகடு புதிதாக வரும் மாற்றுகளைவிடத் தடிமனாக இருப்பதுண்டு, அதனால் மறுபூச்சு கொடுப்பதே மேல்.

ஸ்டீயரிங் ஆடுகிறது, கார் ஒரு பக்கம் அலைகிறது.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன்சக்கரம் இட வலமாகத் திரும்பும் அச்சு). இட வலமாக ஆடினால் டை ராட் முனைகள். கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கட்டும். எடை ஏறிய பக்கத்தில் கிரீஸ் புகாது. பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது தெரியும்வரை அடியுங்கள். நிப்பிள் அடைத்து கிரீஸ் ஏறாவிட்டால் நிப்பிளை மாற்றுங்கள், "அது அப்படித்தான்" என்று விட்டதால் தேய்ந்தவையே இந்தக் கிங்பின்கள். ஸ்டீயரிங் பெட்டியை இறுக்குவது கடைசி. நடுவில் இருக்கும் தேய்மானத்தைக் கணக்கில் வைத்து இறுக்கினால் முழுத் திருப்பத்தில் சிக்கிக்கொள்ளும்.

ரேடியல் டயர் போடலாமா?

போடலாம், நான்கிலும். ஒரே அச்சில் கிராஸ்பிளையும் (இழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய வகை டயர்) ரேடியலும் கலக்கக் கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்பிளை என்பது வளைவில் வாலைச் சுழற்றிவிடும். பழைய ரிம்மில் டயரைப் பிடித்துவைக்கும் மேடு இல்லையென்றால் டியூப் அவசியம். தடம் எவ்வளவு இருந்தாலும் வயதைப் பாருங்கள்: பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். மூன்று இலக்கம்தான் இருந்தால் அது 2000க்கு முந்தையது, ஓட்டாதீர்கள்.

டிஸ்க் பிரேக், ஆல்டர்னேட்டர், வேறு இன்ஜின் என்று மாற்றினால் மதிப்பு குறையுமா?

திரும்ப மாற்ற முடிந்தால் குறையாது. எதையும் வெட்டாமல், துளையிடாமல், பழைய போல்ட் துளைகளிலேயே உட்காரும் மாற்றம் என்றால் செய்துகொள்ளுங்கள். கழற்றியதைத் துடைத்து ஆயில் தடவி எடுத்து வையுங்கள். வேறு இன்ஜினுக்காகச் சட்டத்தை வெட்டினால் கார் அதோடு வேறு கார். பழங்கார்ச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா 30 வயதான, வரலாற்றுப்படி சரியான நிலையில் காக்கப்பட்ட வண்டியைத்தான் பழங்கார் என்கிறது. சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் எந்த நிலையிலும் தேய்க்கவோ பெயிண்ட்டால் நிரப்பவோ வேண்டாம். நாங்கள் யோசிக்காமல் சம்மதிக்கும் மாற்றம் இரண்டு: ஹெட்லைட் ரிலே, பின்சீட்டுக்கும் பெல்ட். பெல்ட் முனையை வெறும் தகட்டில் மாட்டாமல், பின்னால் தடித்த பலகைத் தகடு வைத்து மாட்டுங்கள்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை ஓட்ட வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 20 கி.மீ.க்குக் குறையாமல். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது ஓட்டாமல் விடுவதைவிடக் கெடுதல். எக்ஸாஸ்ட்டிலும் ஆயிலிலும் ஈரம் தங்கிவிடும், பேட்டரியில் எடுத்ததும் திரும்ப ஏறாது.

மாதக்கணக்கில் நிறுத்துவதானால் புது ஆயில் ஊற்றி, டேங்கை நிரப்பி, டயரில் 7 பிஎஸ்ஐ கூடுதலாக அடித்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். போட்டே வைத்த ஹேண்ட் பிரேக்கில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் பெடலையும் ஒரு கட்டையால் அழுத்தி வைத்தால் தகடு ஒட்டாது. பேட்டரியைக் கழற்றி மாதம் ஒருமுறை அளங்கள்: 12.6 வோல்ட் நிறைவு, 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். மூடும் துணி காற்று புகுவதாக இருக்கட்டும்; பிளாஸ்டிக் தாள் போட்டால் உள்ளே வியர்த்துக் கூரையிலேயே துரு பூக்கும். ஏர் ஃபில்டர் மூக்கையும் எக்ஸாஸ்ட் முனையையும் துணியால் அடையுங்கள், எலிக்கு அவை நல்ல வீடு. துணி வைத்ததைச் சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள்.

டிக்கியில் என்ன வைத்திருக்க வேண்டும்?

ஃபேன் பெல்ட், செட் செய்த பாயிண்ட்டும் கண்டன்சரும், ரோட்டார், ஒரு பிளக், ஃபியூஸ்கள், ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று கிளிப்போடு, ஒரு முழ வயர், ஃபீலர் கேஜ், டெஸ்ட் பல்பு, ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் ஆயில், தீயணைப்பான். புது ரோட்டாரையும் கண்டன்சரையும் நேராக டிக்கியில் போடாதீர்கள். இன்றைக்கு வரும் மாற்றுப் பாகங்களில் மட்டமானவை நிறைய; முதலில் காரில் மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். தாங்கினால் அது காரிலேயே இருக்கட்டும், ஓடிக்கொண்டிருந்த பழையதைக் கழற்றி டிக்கியில் வையுங்கள்.